எதிர்ப்பில்லாத வெள்ளம்

எங்கள் ஆற்றுவாயைப் பற்றிப் பாராளுமன்றம் பேசுவதற்கு முன், அதைப் பற்றிப் பேசலாமா என்று பேசவேண்டும். பேசலாமா என்று பேசுவதற்கு முன், அந்தப் பேச்சை எந்தத் திகதியில் வைப்பது என்று பேசவேண்டும். கோரைமுனையில் இருக்கிற எங்களுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. தண்ணீருக்கும் தெரியாது. அதனால்தான் இவ்வளவு கரைச்சலும் வந்தது.

விடயம் சின்னது. மாரி பெய்தால் மட்டக்களப்பு வாவி நிறையும். நிறைந்த தண்ணீர் கடலுக்குப் போகவேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கடல் கொண்டுவந்து போட்ட மணல் திட்டொன்று கிடக்கிறது. அந்த இடம்தான் ஆற்றுவாய், திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் போய்விடும். வெட்டாவிட்டால் படுவான்கரை என்கிற மேற்குக் கரையில் உள்ள எங்கள் வயல்வெளிக்குள், வட்டைக்குள் ஏறி, வெள்ளாமையின் தலைக்குமேல் நிற்கும். வயல்காரன் வெட்டு என்பான். மீன்காரன், இறால் எல்லாம் கடலுக்கு ஓடிவிடும், பொறு என்பான். ஒவ்வொரு வருடமும் வாய் வலிக்கச் சண்டை பிடிப்போம், பிறகு எல்லாரும் சேர்ந்துபோய் வெட்டுவோம்.

இப்படி ஒழுங்காக நடந்துவந்த காரியத்தை ஒழுங்குபடுத்தவேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ யோசனை வந்தது. ஆற்றுவாய்கள் திறத்தல் சட்டமூலம் என்று ஒன்றை எழுதினார்கள். அது சட்டமாகும்வரை ஒருவரும் மணலில் மண்வெட்டி வைக்கக்கூடாது, வைத்தால் மறியலுக்குள் போடுவோம் என்று திட்டில் ஒரு பலகையை நட்டார்கள். பிறகு சட்டமூலத்தை மறந்துபோனார்கள். பலகைக்கு மட்டும் வருடாவருடம் வர்ணம் பூசினார்கள். முதல் இரண்டு மாரியும் கடலே இரக்கப்பட்டு மணலை உடைத்துத் தந்தது. மூன்றாம் மாரியில் கடலுக்கும் எங்களைப் பிடிக்காமல் போய்விட்டது.

வதனியின் வயல் வட்டையிலேயே ஆகப் பள்ளம். மழையை நம்பிச் செய்கிற காணி, வருடத்தில் ஒரு போகம்தான். வதனி ஆறு வருடம் குவைத்தில் யாரோ ஒருவருடைய வீட்டில் சமைத்துத் துவைத்து, அந்தக் காசில் இந்தக் காணியைத் திருத்தினவள். திரும்பி வந்தபோது மகள் ஆர்த்திகா அவளை யாரோ விருந்தாளி என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அந்தப் பிள்ளை இப்போதுதான் தாயின் பக்கத்தில் படுக்கப் பழகியிருந்தது. இந்த வெள்ளாமை அழுகினால் வதனி மறுபடியும் குவைத்துக்குப் போகவேண்டும். அதற்குமேல் வேறு வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும், அவளுடைய புருசன் திவாகரனுக்கும் தெரியும், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற மருதமுனைப் பக்கத்து ஏஜென்சிக்காரனுக்கும் தெரியும். அவன் மழை தொடங்கிய கிழமையே தொலைபேசி எடுத்துச் சுகம் விசாரித்தான்.

அந்த நேரம்தான் கொழும்பிலிருந்து குழு வந்தது.

நிரல் முன்னுரிமை நடமாடும் குழு என்பது அதன் பெயர். பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் எதைச் சேர்க்கலாம் என்று ஊர் ஊராகப் போய் மக்களிடமே கேட்பது அதன் வேலை. மேசைக்கு விரிக்கப் பச்சைச் சீலை, ஒரு கைமணி, வெல்வெட் உறைக்குள் ஒரு சிறிய செங்கோல் எல்லாம் ஜீப்பில் வந்தன. பாடசாலை மண்டபம்தான் ஊரில் மேடான இடம். அங்கே வெள்ளத்தில் வீடு போன சனங்கள் பாய் விரித்துக் கிடந்தார்கள். மக்களின் கருத்தைக் கேட்க இடம் வேண்டும் என்பதற்காக அவர்களை வராந்தாவுக்கு எழுப்பி விட்டார்கள்.

ஒலிபெருக்கி மர்சூக் நானாவுடையது. அவர் காத்தான்குடி முஸ்லிம், எங்கள் பேச்சில் சோனவர். கல்யாணம், கந்தூரி, கோயில் திருவிழா, தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஒலிவாங்கிதான் கொண்டுபோவார். வதனியின் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. அதுவும் தண்ணீருக்குள்தான் கிடந்தது.

குழுவின் தலைவர் வேறு மாகாணத்தில் வென்று வந்த ஒரு கௌரவ உறுப்பினர். மெலிந்த குரல், அழகான தமிழ். ஒலிவாங்கியை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

“அன்பார்ந்த மக்களே, பாராளுமன்றம் சட்டம் இயற்றும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது எங்கள் வேலையில் சிறு பகுதி. எதைப் பற்றிச் சட்டம் இயற்றலாம் என்று தீர்மானிப்பதுதான் பெரும் பகுதி. ஒரு பிரச்சினையைச் சபையில் தோற்கடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. உறுப்பினர்களைச் சிற்றுண்டிச்சாலையில் தேடிப் பிடிக்கவேண்டும், பேச வைக்கவேண்டும், வாக்களிக்க வைக்கவேண்டும், மறுநாள் பத்திரிகைக்காரர்களுக்கு முகம் கொடுக்கவேண்டும். நிரலில் சேர்க்காமல் விடுவதற்கு இது ஒன்றுமே தேவையில்லை. நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு கால அரசியலில் ஒரு மக்கள் பிரச்சினைக்கு எதிராகக்கூட நான் கை தூக்கியதில்லை. ஒன்றையும் அந்த அளவுக்கு வரவிட்டதில்லை.”

குழுவின் செயலாளர் கைதட்டும்படி கையை உயர்த்திக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம்.

அதன்பிறகு வேலை தொடங்கியது. அன்றைய கூட்டத்தின் நிரலை ஏற்றுக்கொள்வது முதலாவது அலுவல். அதை ஏற்றுக்கொண்டது முறைப்படியா என்று பார்ப்பது இரண்டாவது. மூன்றாவது தேநீர். வடைக்குப் பிறகு தலைவர் கைமணியை அடித்து, மக்கள் இனிப் பேசலாம் என்றார். வதனி எழும்பினாள். அவளுடைய சீலையின் கரை வயல் சேற்றில் ஊறியிருந்தது.

“ஐயா, ஆத்துவாய வெட்டணும். வெள்ளாமை குடலைக்கு வந்திட்டு. வயித்தில கதிரோட நிக்கிது. இன்னும் நாலஞ்சு நாள் தண்ணி நிண்டா அழுகிரும். மறுகா ஒண்டும் செய்ய ஏலா.”

“நல்லது. இதை எதிர்ப்பவர் யார்?” என்று கேட்டபடியே தலைவர், மீன்பிடிச் சங்கத் தலைவர் சாமித்தம்பியைப் பார்த்தார். மீனவர்கள் எதிர்ப்பார்கள் என்று கோப்பில் இருந்ததாம்.

சாமித்தம்பி கையிலிருந்த வடையை வைத்துவிட்டு எழும்பினார். “எதிர்க்கல்ல ஐயா. வேற வருசமெண்டா எதிர்ப்பன். இந்த முற தண்ணி எங்கட வீட்டுக்குள்ளயும் வந்திட்டு. நேத்து நான் குசினிக்குள்ள நிண்டு மீன் புடிச்ச. வெட்டுங்க.”

தலைவரின் முகம் வாடிவிட்டது. மண்டபத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். “ஒருவர்கூட இல்லையா?” என்று கேட்டார். ஒருவரும் இல்லை.

“அப்படியானால் இதை நிரலில் சேர்க்க வழியில்லை. விவாதம் என்றால் நேரம் ஒதுக்கவேண்டும். ஆதரிப்பவர்களுக்குப் பாதி, எதிர்ப்பவர்களுக்குப் பாதி. எதிர்ப்பவர்களே இல்லாவிட்டால் அந்தப் பாதி நேரத்தை நான் என்ன செய்வது?”

“அந்த நேரத்தில வெட்டலாமே ஐயா,” என்றாள் வதனி.

செயலாளர் அதை எழுதவில்லை.

மர்சூக் நானா ஒலிவாங்கியைச் சரிசெய்கிற சாட்டில் குனிந்து மெதுவாகக் கேட்டார். “எல்லாரும் ஒத்து வந்தா அது நல்லம்தானே சேர்? தமிழரும் சோனவரும், வயல்காரரும் மீன்காரரும் ஒரு கதையில நிக்கிறம். இப்பிடி இஞ்ச எந்த நாளும் நடக்கிறல்ல.”

“எல்லாரும் ஒத்துப்போன விடயத்துக்குப் பாராளுமன்றம் எதற்கு?” என்றார் தலைவர். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகத்தான் சொன்னார். “இருந்தாலும் உங்கள் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. நாளைக் காலைவரை அவகாசம் தருகிறேன். ஒரு எதிர்க்கட்சியோடு வாருங்கள்.”

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் தலையில் கையை வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. எங்களிடம் இரண்டு கட்சியும் தயாராக இருந்தன. கண்ணகை அம்மனுக்குக் கொம்புமுறி விளையாடுகிற ஊர் எங்களுடையது. வளைந்த மரக்கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, வடசேரி ஒரு பக்கம் தென்சேரி ஒரு பக்கம் நின்று ஒரு கொம்பு முறியும்வரை இழுப்போம். முறிந்த கட்சியைத் தெருத்தெருவாகப் போய் வசை பாடுவோம். கொரோனா அடங்கிய வருடமும் இழுத்தோம். யார் எந்தச் சேரி என்பது பிறப்பிலேயே முடிந்துவிட்ட கதை, தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. கல்யாணம் கட்டினாலும் மாறாது. கொம்பு இழுக்கிற காலத்தில் புருசனும் பெண்சாதியும் ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

ஆகவே அன்று பின்னேரம் கோயில் வீதியில் கூடி, எந்தச் சேரி எதைச் சொல்வது என்று பார்க்க ஒரு வெற்றிலையைச் சுண்டிவிட்டோம். வடசேரிக்கு ‘வெட்டு’ விழுந்தது, தென்சேரிக்கு ‘வெட்டாதே’.

வதனி தென்சேரி.

“என்ட வயல் தாண்டு கிடக்கு. நான் போய் வெட்டாத எண்டு சொல்லுறதா?” என்று அவள் கேட்டாள். தென்சேரியில் வசை பாட அவளை விட்டால் ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். சேரிக்காக இழுக்கும்போது நியாயம் பார்க்கிற வழக்கமும் எங்களிடம் இல்லை. அவளுடைய புருசன் திவாகரன் வடசேரி. மேசன் வேலை செய்கிறவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவன். ‘வெட்டு’ என்று பேசுகிற பொறுப்பு அவனுக்கு விழுந்தது. இது எங்கேபோய் முடியும் என்று அப்போதே எங்களுக்கு விளங்கியிருக்கவேண்டும்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் வதனி வரம்பு எங்கே இருக்கிறது என்று காலால் தடவிக்கொண்டு வயலுக்குப் போனாள். தண்ணீருக்குமேல் இலை நுனிகள் மட்டும் தெரிந்தன. கையை உள்ளே விட்டு ஒரு தண்டைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கதிர் திரண்டிருந்தது. மேலே சேறு படிந்து வழுக்கியது. அவள் அங்கே நின்று அழுததை மர்சூக் நானா தன் வரம்பில் நின்று பார்த்தார்.

“தங்கச்சி, நாளைக்கு நீங்க பேசாட்டி என்ன?” என்று கேட்டார்.

“பேசாட்டி விவாதம் இல்லயாம் நானா. விவாதம் இல்லாட்டி வெட்டு இல்லயாம். பேசத்தான் வேணும்.”

மறுநாள் மண்டபத்துக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. கணுக்கால் அளவு. குழுவினர் சப்பாத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கால்களை வாங்குப் பலகையில் தூக்கிப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். தண்ணீரின் வருகையைச் செயலாளர், பார்வையாளர் பக்கத்திலிருந்து வந்த குறுக்கீடு என்று பதிவு செய்தார். சபையை நடத்த எந்தக் கட்சியும் சேராத ஒருவர் வேண்டும் என்று தலைவர் சொன்னார். மர்சூக் நானாவுக்குச் சேரி கிடையாது, ஒலிவாங்கியும் அவருடையது. அவர் சபாநாயகர் ஆனார். செங்கோலை அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டிமேல் வைத்தார்கள். பெட்டியில் மின்சாரம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் எல்லாரும் போய்ச்சேருவோம் என்று அவர் சொன்னதும் நிரலில் இல்லாத விடயம்.

ஆளும் கட்சியாக வடசேரி முதலில் பேசியது.

“வெட்டணும் ஐயா,” என்றான் திவாகரன். தொண்டையைச் செருமினான். “தண்ணி நிக்கிது.” அதோடு குந்திவிட்டான்.

தலைவர் கொட்டாவி விட்டார். பிறகு வதனி எழும்பினாள். புருசனைப் பார்க்கவில்லை. சீலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆத்துவாய வெட்டக்கூடா,” என்று தொடங்கினாள். “ஏன் வெட்டணும் எண்டு கேக்கன். வெட்டினா வெள்ளாமை விளையும். விளைஞ்சா நெல்லு வரும். நெல்லு வந்தா கப்பலில அரிசி கொண்டுவாற பெரிய மனிசர் என்ன செய்வாங்க? அவங்கட பிள்ளையள் என்னத்தத் திங்கும்? வெள்ளம் வத்தினா நிவாரணப் பொதி வராது. பொதி வராட்டி மந்திரிமார்ர படத்த எதில ஒட்டுற? எங்கட வீட்டுச் சுவரிலயா? சுவரும் விழுந்திட்டு. தண்ணி நிண்டா வீதி உடையும், உடைஞ்சா வீதி போடுற கொந்தறாத்து வரும், கொந்தறாத்து வந்தா எத்தின பேருக்குப் புது வீடு வரும். வெட்டினா இதெல்லாம் ஆத்தோட போயிரும். எங்கட பொம்புளையள் இஞ்ச வயலில நிண்டா குவைத்தில ஆர் சமைக்கிற? ஆர் அந்த நாட்டுக் கக்கூசு கழுவுற? நாங்க அனுப்புற டொலர் இல்லாம இந்தக் குழு ஜீப்புக்கு எதால டீசல் அடிக்கும்? பிள்ளைக்குத் தாய் வேணும் எண்டு சொல்லுவாங்க. தாய் என்னத்துக்கு? தொலைபேசியில முகம் தெரியுதுதானே. வெட்டக்கூடா ஐயா. இந்தத் தண்ணியில நாட்டுக்கே சீவியம் கிடக்கு. ஒரு கைப்பிடி மணலையும் தொட விடாதீங்க.”

வடசேரிக்காரர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். திவாகரன் கண்ணைத் துடைத்தான். மர்சூக் நானா ஒலிவாங்கியைப் பிடித்த கையை இறக்க மறந்து நின்றார்.

தலைவர் எழும்பி நின்று கைதட்டினார். தண்ணீருக்குள் நிற்கிறோம் என்பதும் அவருக்கு மறந்துவிட்டது. “எவ்வளவு ஆழமான வாதங்கள். இறக்குமதி, உட்கட்டமைப்பு, வெளிநாட்டுச் செலாவணி, ஒன்றையும் விடவில்லை. அதிலும் இந்தச் சகோதரியின் வயல்தான் முதலில் அழியப்போகிறது என்று அறிந்தேன். தன் ஊருக்குக் கேடு என்று தெரிந்தும் கட்சிக்காகப் பேசினார் பாருங்கள், இதுதான் நாங்கள் இத்தனை வருடமாகச் சபையில் காப்பாற்றிவருகிற மரபு. என் பக்கத்து ஆசனத்தில் இருக்கவேண்டியவர்.”

“அப்ப நிரலில சேப்பீங்களா ஐயா?” என்று கேட்டாள் வதனி.

“எப்படிச் சேர்ப்பது?” தலைவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “இவ்வளவு பலமான எதிர்ப்பு இருக்கிற விடயத்தை அவசரப்பட்டு நிரலில் ஏற்றினால் நாட்டில் பிளவு வந்துவிடும். முதலில் உங்களுக்குள் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்.”

“உடன்பாட்டோட நேத்து வந்தம் ஐயா. எதிர்ப்பு இல்லயெண்டு திருப்பி அனுப்பினீங்க.”

“அது நேற்று,” என்றார் தலைவர். “நேற்றைய கூட்டத்தின் அறிக்கை இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.”

செயலாளர் கைமணியை அடித்தார். குழு அடுத்த ஊருக்குப் போவதற்காகச் சப்பாத்துகளைத் தேடியது. அதில் ஒன்று மிதந்து வராந்தாப் பக்கம் போயிருந்தது.

வதனி அசையாமல் நின்றாள். நாங்களும் நின்றோம். எனக்கு அப்போது வந்தது கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. மூன்று மாரியாக ஒரு பலகைக்குப் பயந்து நின்றவர்கள் நாங்கள். கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரைக் கொழும்பு வழியாக அனுப்பலாம் என்று நம்பினவர்கள். நினைக்க நினைக்க எனக்கு என் கன்னத்திலேயே அறையவேண்டும் போல இருந்தது.

“இஞ்சேருங்க,” என்றாள் வதனி. முதல்நாள் வெற்றிலை சுண்டியதற்குப் பிறகு அவள் புருசனோடு பேசிய முதல் பேச்சு அது. “கொம்பு கொளுவியாச்சி. கொம்பு முறியாம ஆரும் வீட்ட போனதா நீங்க கண்டிருக்கீங்களா?”

“இல்ல,” என்றான் திவாகரன்.

“வடசேரி மண்வெட்டி எடுக்கட்டும். தென்சேரியும் எடுக்கும். சாமித்தம்பி அண்ணன், தோணி எத்தின கிடக்கு?”

“கிடக்கிற எல்லாம் வரும்,” என்றார் சாமித்தம்பி.

மண்வெட்டிகளோடு தோணிகளில் வாவியைக் கடந்து ஆற்றுவாய்க்குப் போனோம். மர்சூக் நானாவின் ஒலிபெருக்கியும் ஒரு தோணியில் குந்தியிருந்தது, பழக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். மணல் திட்டில் இறங்கி, தண்ணீர் ஓடவேண்டிய வழியைக் காலால் கீறி, அதற்கு வடக்கே வடசேரியும் தெற்கே தென்சேரியுமாக நின்று வெட்டத் தொடங்கினோம். திவாகரன் பலகையைப் பிடுங்கி, சாந்து குழைக்கிறவனைப் போல அதாலேயே மணலை வழித்துத் தள்ளினான். நல்ல பலகை. வருடாவருடம் வர்ணம் பூசியதில் கொஞ்சமும் உக்கவில்லை.

குழுவும் தன் ஜீப்புகளில் பாலத்தால் சுற்றிக்கொண்டு வந்துசேர்ந்தது. வடக்குப் பக்கம் வாகனங்களை விட்டுவிட்டு, கீறலைத் தாண்டி, தலைவர் நேராகத் தென்சேரி நின்ற பக்கம் வந்தார். செயலாளர் செங்கோலோடு பின்னால் வந்தார்.

“எதிர்க்கட்சித் தலைவி அவர்களே, நீங்கள் இதை எதிர்க்கவேண்டும்.”

“எதிர்த்துக்கொண்டுதான் நிக்கிறன் ஐயா,” என்று வதனி மணலை அள்ளி வீசினாள்.

“எதிர்ப்பவர் ஏன் வெட்டுகிறீர்கள்?”

“எங்கட வழக்கத்தில எதிர்க்கிறவங்களும் சேந்துதான் இழுக்கணும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தா கொம்பு முறியாது. உங்கட இடத்தில எப்பிடியோ தெரியா.”

“இது சபையின் பரிசீலனையில் உள்ள விடயம்.”

“இல்லயே ஐயா. நிரலில இல்ல எண்டு இப்பதானே சொன்னீங்க. இல்லாத விசயத்தத்தான் வெட்டுறம்.”

தலைவர் நிலையியற் கட்டளைகளில் இதற்கு இடம் இருக்கிறதா என்று செயலாளரிடம் கேட்டார். செயலாளர் புத்தகத்தைப் புரட்டினார். அவர் கடைசிப் பக்கத்துச் சொற்சுட்டி வரைக்கும் போவதற்குள் முதல் தண்ணீர் கீறலுக்குள் வந்துவிட்டது. ஒரு விரல் கனம்தான் இருந்தது. அது மணலைக் கரைத்துக்கொண்டு கடல் பக்கம் நடந்தது. பிறகு ஒரு சாண் ஆனது. பிறகு இரண்டு கரையும் பெரிய பெரிய துண்டாக இடிந்து விழத் தொடங்கின. சாமித்தம்பி எல்லாரையும் பின்னால் போகச் சொல்லிக் கத்தினார். மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது வாவி கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. வதனி மணலில் குந்தியிருந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

குழுவின் ஜீப்புகள் அந்தக் கரையில் நின்றன. குழு இந்தக் கரையில் நின்றது. தலைவர் வெகுநேரம் ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னேரம் தண்ணீரின் இழுவை கொஞ்சம் அடங்கியபிறகு சாமித்தம்பிதான் வாவிப் பக்கமாகச் சுற்றி, தோணியில் அவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். தோணிக்குள் இருந்தபடியே தலைவர், குழு ஆற்றுவாயை நேரில் கண்டு ஆராய்ந்தது என்று எழுதச் சொன்னாராம்.

மூன்றாம் நாள் வயலில் வரம்பு தெரிந்தது. வதனியின் வயலில் ஒரு மூலை அழுகித்தான் போனது. மற்றது சேற்றைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தது. தை பிறந்தபிறகு கதிர் வெளியே வந்து, மாசியில் மஞ்சளானது. ஏஜென்சிக்காரன் தொலைபேசி எடுத்தபோது ஆர்த்திகாதான் பேசினாள். அம்மா வயலில நிக்கிறா, வரமாட்டா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று வருடமாக நிரலில் ஏறாத எங்கள் ஆற்றுவாய் ஒரே கிழமையில் ஏறியது என்று பிறகு அறிந்தோம். ஏறியது சட்டமூலம் இல்லை. சபையின் நிரலுக்கு முந்திக்கொண்டு ஒரு விடயத்தை முடித்துவைத்ததன் மூலம் சபையை அவமதித்தார்கள் என்ற முறைப்பாடு. எல்லாக் கட்சிக்காரரும் ஒருமித்து அதை நிரலின் முதலாவது அலுவலாக வைத்தார்களாம். எதிர்க்க ஒருவரும் இருக்கவில்லை. ஆனாலும் அதற்கு நேரம் கிடைத்தது.

வெள்ளாமை வெட்டுகிற அன்று காலையில் செயலாளர் அழைப்பாணையோடு வட்டைக்குள் வந்தார். காற்சட்டையை மடித்துவிட்டிருந்தார். மாடு கட்டிச் சூடு மிதித்து நெல் பிரித்த காலம் போய் இப்போது எல்லாம் அறுவடை மிசின்தான். அது வட்டை வாய்க்காலைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. வதனி வரம்பில் நின்று அதற்கு வழிகாட்டிக்கொண்டு நின்றாள். திவாகரன், மர்சூக் நானா, சாமித்தம்பி, நாங்கள் எல்லாரும் நின்றோம்.

“கொழும்புக்கு வந்து குழுவின் முன் விளக்கம் கொடுக்கவேண்டும்,” என்றார் செயலாளர். “திகதி அதில் இருக்கிறது.”

வதனி ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். படிக்காமல் எங்களைப் பார்த்தாள். “நான் போகணும் எண்டு சொல்லுற ஆக்கள் ஆரும் இருக்கீங்களா?”

ஒருவரும் கை தூக்கவில்லை. வடசேரியும் தூக்கவில்லை, தென்சேரியும் தூக்கவில்லை. மர்சூக் நானா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பாத்தீங்களா சேர், ஒருத்தரும் இல்ல,” என்றாள் வதனி. “ஒரு பக்கம் மட்டும் இருக்கிற விசயம் விவாதத்துக்கு எடுபடாது எண்டு உங்கட ஐயாதான் படிப்பிச்சவர். பாதி நேரத்த நாங்க என்ன செய்யிற? நான் வரத்தான் வேணும் எண்டு பேச ஒரு ஆளத் தேடிப் புடிச்சுக்கொண்டு வாங்க. மறுகா எங்கட வட்டைக் கூட்டத்தில வைக்கலாமா எண்டு பேசுவம்.”

செயலாளர் கொஞ்சநேரம் யோசித்தார். அவருக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. “அப்படியானால் தலைவரிடம் நான் என்ன சொல்வது?” என்று கேட்டார்.

“இந்த வருசம் வதனி ஒரு இடமும் போறதா இல்ல எண்டு சொல்லுங்க. குவைத்துக்கும் இல்ல, கொழும்புக்கும் இல்ல.” அழைப்பாணையை மடித்து அவருடைய சட்டைப் பைக்குள்ளேயே வைத்தாள். “கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்க சேர். மிசின் வருது.”